பதினான்காம் எண் பெட்டியில் இருந்த சிள்வண்டு

அனுப்புநர்:
ஹோரஸ் பிளெட்சோ,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
பழைய பருத்தி அரவைச் சாலை,
டன்னிங்வெல், ஹார்பெக் மாவட்டம், டெக்சஸ்.

பெறுநர்:
உயர்திரு ஷெரிஃப் அவர்கள்,
ஹார்பெக் மாவட்டம்.

பொருள்: நீதிமன்ற வாசலில் என் தங்கை மகள் ஒப்படைத்த மிகச் சிறிய கைத்துப்பாக்கியை, எவர் கையில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டதோ அவர் கையிலேயே அன்றே கொடுத்து அனுப்பியது, அதை மீட்டுத் தரக் கோருவது.

பார்வை: 1. பித்தளை டோக்கன் எண் 14.
2. நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை, நாள் 20.8.2019.
3. துணை ஷெரிஃப் டெல்பர்ட் ஹக்கபி அவர்களின் சோதனை அறிக்கை, நாள் 6.9.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் என்னை அறிவீர்கள். முப்பத்து நான்கு வருடம் இந்த மாவட்டத்தின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவன் நான். ஆறாம் வகுப்பு படிக்கையில் தாங்கள் மூன்றாம் வரிசை இருக்கையில் என்ன செய்து வைத்தீர்கள் என்பதையும், அதை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியது யார் என்பதையும் இன்றுவரை ஒரு சீவனிடமும் சொன்னதில்லை. தேர்தல் சமயத்திலும் சொன்னதில்லை. இந்த மனுவிலும் சொல்லப் போவதில்லை.

2. கடந்த நான்கு வாரங்களில் தங்கள் அலுவலகத்துக்குப் பதினோரு முறை வந்துவிட்டேன். முன்கூடத்தில் இருக்கும் மர பெஞ்சில் என் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் போனால் அதில் மழைநீர் தேங்கி வாத்துகள் வந்து இறங்கும். எனக்கு வயது எழுபத்தொன்று. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆகையால், நடப்பதை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். இதைத் தாங்களே படிக்க வேண்டும் என்பது முதல் வேண்டுகோள்.

3. மேற்படி துப்பாக்கியின் பெயர் சிள்வண்டு. நான் வைத்த பெயர். சிள்வண்டு கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஆனால் அது எங்கே இருக்கிறதென்று எவனாலும் சொல்ல முடியாது. உள்ளங்கையில் வைத்து விரலை மூடினால் காணாமல் போகும். எடை ஐந்து கோழிமுட்டை. கொள்வது ஆறு தோட்டா.

நம் மாவட்டத்தில் சிறிய துப்பாக்கிக்கு மரியாதை இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆளுக்கு ஒரு பீரங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சனங்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால், பெஞ்சில் இரும்பு மோதும் சத்தத்தில் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். என்னிடமும் ஒரு பெரிய துப்பாக்கி உண்டு. பதினோரு வருடமாக மேசை இழுப்பறையில் கிடந்து அந்த இழுப்பறையைக் காவல் காத்து வருகிறது. இதுவரை இழுப்பறைக்கு ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை.

அதைக் கட்டிக்கொண்டு நடந்த காலமும் உண்டு. நூற்றைந்து டிகிரி வெயிலில், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே போகும். முதல் மாதம் இடுப்பில் இருந்தது. இரண்டாம் மாதம் வண்டியில் இருந்தது. மூன்றாம் மாதம் வீட்டில். எல்லோர் கதையும் இதுதான்; கடைத்தெருவில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவே. ஆபத்து வரும்போது ஆளோடு இருப்பதற்குப் பெயர் ஆயுதம். வீட்டில் இருப்பதற்குப் பெயர் சாமான். சிறிய துப்பாக்கியின் பயன் முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம். இருபது வருடமாக ஒவ்வொரு விருந்திலும் இதைச் சொல்லி வந்திருக்கிறேன். உறவுக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவதும் இருபது வருடமாக நடக்கிறது.

குறைகளையும் மறைக்கவில்லை. குழல் என் சுண்டுவிரல் நீளம்தான். பிடியில் இரண்டு விரலுக்கே இடம். மூன்றாவது விரல் விருந்தாளி போல வெளியே நிற்கும். சுட்டால் கை உதறும். பத்தடிக்கு அப்பால் தோட்டா எங்கே போகிறதென்பது அந்தத் தோட்டாவுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். இந்தப் பத்தடி விவரத்தைத் தாங்கள் நினைவில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

4. பதினான்கு வருடம் என்னிடம் இருந்த இந்தத் துப்பாக்கியை ஆறு வருடத்துக்கு முன்பு என் தங்கை மகள் டார்லாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். டார்லா வீடு வீடாகப் போய், நடமாட முடியாதவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, கட்டு மாற்றும் செவிலி. போகும் வீடுகள் ஒன்றுக்கொன்று பதினைந்து மைல். கைப்பேசிக்கு உயிர் இருக்காத சாலைகள். வேலைக்கு அவர்கள் உடுத்துவது நாடா வைத்த மெல்லிய பருத்திக் கால்சட்டை, இடுப்புவார் கிடையாது. அதில் என் பெரிய துப்பாக்கியைச் செருகினால் துப்பாக்கியும் கால்சட்டையும் ஒற்றுமையாகக் கணுக்காலில் போய் நிற்கும். சிள்வண்டோ, விசையை மூடிய ஒரு தோல் உறையோடு, பக்கவாட்டுப் பையில் கைக்குட்டை போலக் கிடக்கும். அந்தப் பையில் வேறொன்றும் போடக் கூடாது, சாவிகூடக் கூடாது என்று சொன்னேன். இந்தக் குடும்பத்தில் நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவள்.

ஆறு வருட வேலையில் ஒரு தடவையும் அதை வெளியே எடுக்கவில்லை. ஒரு முறை வேலி தாண்டி ஒரு நாய் வந்ததாம்; பையில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாளாம்; நாய் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். அந்த நாயை நான் விருந்துக்கு விருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து இப்போது எருமை அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அவள் அசையாமல் நின்றது உண்மை. பையில் ஒன்று இருக்கிறது என்ற தெம்பில் நின்றாள்.

5. இனி மாப்பிள்ளை. பெயர் ராய்ஸ் கிம்பிரல். ஐந்து வருடத்துக்கு முன்பு டார்லாவைக் கட்டினார். கை வேலைக்காரர். பருந்துக் கண். ஏரியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிப்பார். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் இடத்தில் கண் பரிசோதனைப் பலகையைப் படிக்கச் சொன்னதற்கு, கடைசி வரியையும் படித்து, அதற்குக் கீழே அச்சடித்தவன் பெயரையும் படித்தவர். இதில் மிகை இல்லை; அந்த ஊழியரே எல்லோரிடமும் சொன்னார்.

ஒவ்வொரு வருடமும் ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, என் வீட்டுக் கொல்லையில் கறி சுடுவோம். அன்று எங்கள் குடும்பத்தில் ஒரு விளையாட்டு உண்டு. டார்லா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வெறும் சிள்வண்டை என்னிடம் கொடுப்பாள். நான் அதை ஒளித்து வைத்துக்கொண்டு சாயந்தரம் வரை உலாத்துவேன். எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு முழு பீச் பழக் கேக். தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்கள், காலணியைக் கழற்றினார்கள், ஒரு வருடம் ரொட்டிகளை வரிசையாகப் பிய்த்தே பார்த்துவிட்டார்கள். கேக் ஒவ்வொரு வருடமும் என் வீட்டிலேயே தங்கியது.

மாப்பிள்ளை வந்த முதல் வருடம், ஓடைச் சேற்றில் புதைந்த என் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்தார். உடம்பெல்லாம் சேறு. எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். மனம் நெகிழ்ந்து, பெற்ற பிள்ளைக்கும் சொல்லாத இரகசியத்தை அவருக்குச் சொன்னேன்: அந்த ஒளிவிடம். இருபது வருடத்தில் வேறொருவருக்கும் சொன்னதில்லை. அது எந்த இடம் என்று இந்த மனுவின் முடிவில் தங்களுக்குச் சொல்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

6. கடந்த மார்ச் மாதம் டார்லாவின் மணிக்கட்டு முறிந்தது. கதவில் சிக்கிக்கொண்டது என்று முதலில் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, கதவு இல்லை என்று சொன்னாள். மே மாதம் வீட்டை விட்டு வந்து, என் வீட்டுப் பின்னறையில் தங்கினாள். ஜூலை நான்கு வந்தது. யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஆகஸ்ட் இருபதாம் தேதி பாதுகாப்பு ஆணைக்கான விசாரணை.

7. அன்று நடந்தது. நீதிமன்ற வாசலில், துப்பாக்கி கொண்டுவந்தவர்கள் அதை மேசையில் ஒப்படைத்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லி, எண் போட்ட பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பது வழக்கம். மேசையில் துணை ஷெரிஃப் டெல்பர்ட் ஹக்கபி இருந்தார். நல்ல பையன். ஆறடி நாலங்குலம். அவர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். டார்லா சிள்வண்டை மேசையில் வைத்ததும் அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது துப்பாக்கியாக்கா, சாவிக்கொத்தா? இத வச்சு யாரையாவது சுட்டா, அவன் ஒரு வாரம் கழிச்சுக் கண்டுபிடிச்சுக் கோவப்படுவான்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டார்லாவும் சிரித்தாள்; மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். ஆகையால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. துப்பாக்கியை ஒரு பெட்டியில் போட்டு, தோட்டாக்களைக் காகித உறையில் மடித்துப் பக்கத்தில் வைத்து, பதினான்காம் எண் டோக்கனைக் கொடுத்தார்.

விசாரணை நாற்பது நிமிடம். டார்லா டோக்கனைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மறுகோடியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நீதிபதி ஆணை போட்டார்: ராய்ஸ் கிம்பிரல் இரண்டு வருடத்துக்கு டார்லாவின் இருநூறு கெஜத்துக்குள் வரக் கூடாது, எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். முதலில் வெளியே போனார்.

அதற்குப் பிறகு வாசலில் நடந்ததை டெல்பர்ட் அவர்களே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மறைக்காமல் எனக்குச் சொன்னார். மாப்பிள்ளை மேசைக்குப் போய்ச் சொன்னது இது:

"தம்பி, என் வீட்டுக்காரி சாமான் ஒண்ணு பதினாலாம் நம்பர்ல இருக்கு. அவ கை நிறையக் காகிதத்தோட வரா. குடு, நான் எடுத்துட்டுப் போய் வண்டியில வச்சிடறேன்."

பதினான்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூடத்தின் மறுகோடியிலிருந்து அவள் விரலிடுக்கில் படித்தார் ஐயா. பருந்துக் கண் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

டெல்பர்ட் டோக்கன் கேட்கவில்லை. பதிவேட்டில் கிம்பிரல், எதிரில் நிற்பவரும் கிம்பிரல். நம் ஊரில் மனைவி கையில் இருக்கும் சுமையைப் புருஷன் வாங்கிக்கொள்ளாவிட்டால்தான் வாசலில் நிற்பவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். கதவைத் திறந்து பிடிப்பதும், மூட்டையைத் தூக்குவதும், குடையை விரிப்பதும் ஆம்பிளை வேலை என்று அவர் அம்மா அவரை நன்றாக வளர்த்திருக்கிறார். நீதிபதியின் ஆணை மாடியில் மை காய்ந்துகொண்டிருந்தது. வாசல் மேசைக்கு வந்து சேரவில்லை. துப்பாக்கியையும், மடித்த உறையில் ஆறு தோட்டாவையும் எடுத்துக் கொடுத்து, "நல்லா இருங்க சார்" என்றும் சொல்லியனுப்பினாராம். ஒரு பிள்ளையை மரியாதையாக வளர்ப்பதால் இப்படியும் ஒரு கேடு வரும் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்.

ஐந்து நிமிடம் கழித்து டார்லா வந்து டோக்கனை மேசையில் வைத்தாள். டெல்பர்ட் அந்த டோக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார். அவள் டோக்கனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வெளியே படிக்கட்டில் எனக்காகக் காத்து நின்றாள். நான் இறங்கி வந்ததும் சொன்னாள்:

"டோக்கன் என் கையில இருக்கு மாமா. சாமான் அவன் கையில இருக்கு."

8. இதற்குப் பிறகுதான் பெஞ்சில் பள்ளம் விழத் தொடங்கியது. முதல் முறை வந்தபோது தங்கள் அலுவலக எழுத்தர் திருமதி நெல்டா, இது திருட்டு இல்லை, கைமாறியது என்றார். இரண்டாம் முறை, விவாகரத்து ஆகாத வரை புருஷன் பெண்சாதி பொருள் இருவருக்கும் பொது என்றார். அது நான் டார்லாவுக்கு மட்டும் கொடுத்த பரிசு, கல்யாணத்துக்கு முன்பே கொடுத்தது என்றேன். அதற்குச் சான்று கேட்டார். பிறந்தநாள் பரிசுக்குச் சான்று எழுதி வாங்கும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. மூன்றாம் முறை படிவம் மாறிப் போயிற்று. நான்காம் முறை படிவம் சரி, பேனா நிறம் தவறு. ஐந்தாம் முறை, காணாமல் போன பொருளின் அளவு என்ற கட்டத்தில் "சிறியது" என்று எழுதியிருந்தேன், அவர் படித்துவிட்டு, "இவ்ளோண்டுக்கா பெரியவரே இவ்ளோ நடக்குறீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். இரக்கம் உண்மையானதுதான். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளை, அதை ஏரிப் பாலத்திலிருந்து தண்ணீரில் எறிந்துவிட்டதாகச் சொன்னாராம். ஆணைக்குக் கீழ்ப்படிந்து எறிந்தாராம். செப்டம்பர் ஆறாம் தேதி டெல்பர்ட் போய், மாப்பிள்ளையின் சம்மதத்தின் பேரில் வீட்டையும் வண்டியையும் சோதித்தார். மாப்பிள்ளை காப்பி கொடுத்து உபசரித்தாராம். துப்பாக்கி இல்லை என்று அறிக்கை. கோப்பு மூடப்பட்டது.

9. இப்போது நடப்பது. டார்லா வேலையை விடவில்லை. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த திருமதி ஓப்பல் ஸ்விங்கிளுக்குத் தினம் ஊசி போட வேண்டும். அவள் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள். அந்த வீட்டுக்கு எதிரே, மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால், ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணிக்கு. மாப்பிள்ளையின் வண்டி. நான் போய் நாடா பிடித்து அளந்தேன், வேலியிலிருந்து சாலை வரை, முழங்கால் இரண்டும் என்னைத் திட்டத் திட்ட. இருநூற்றுப் பத்துக் கெஜம். சட்டப்படி பத்துக் கெஜம் மிச்சம். அவர் கண்ணுக்கு அது கைக்கெட்டும் தூரம். சன்னலருகே அவள் ஊசி எடுக்கையில் எந்த விரலை முதலில் நீட்டுகிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியும். அவள் வெளியே வரும்போது கையசைப்பாராம். தங்கள் அலுவலகத்தில் சொன்னோம். கையசைப்பது குற்றம் இல்லை என்றார்கள்.

என் பெரிய துப்பாக்கியை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாடாக் கால்சட்டையில் அது நிற்கவில்லை. வண்டியில் வைத்தாள். வண்டியில் இருக்கும் துப்பாக்கி, உள்ளே கிழவியின் கட்டிலருகே மண்டியிட்டிருப்பவளுக்கு எதற்கு ஆகும்? இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். இழுப்பறை மறுபடியும் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் அவள் துணி துவைக்கப் போடுகையில் பார்த்தேன். பக்கவாட்டுப் பையில் ஒரு சுருள் கட்டுத்துணியும் ஐந்தாறு கூழாங்கல்லும். என்னம்மா இது என்றேன். ஆறு வருடமாக ஐந்து முட்டை எடை இருந்த பை, வெறுமையாக இருந்தால் நடை கோணுகிறது என்றாள்.

10. ஐயா, இருபது வருடமாக நான் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதெல்லாம் மெய். கையில் இருந்தாலும் தெரியாது என்றேன், தெரியவில்லை. எங்கும் ஒளியும் என்றேன், ஒளிந்திருக்கிறது. சோதித்தாலும் அகப்படாது என்று மார்தட்டினேன், டெல்பர்ட்டுக்கு அகப்படவில்லை. வாழ்நாளில் நான் கொஞ்சமும் ஊதிப் பெருக்காமல் சொன்னவை இவைதான். அத்தனையும் இப்போது டார்லாவுக்கு எதிராக நிற்கின்றன. பத்தடி விவரத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். இருநூற்றுப் பத்துக் கெஜத்திலிருந்து சிள்வண்டு ஒரு கொசுவையும் கொல்லாது. அதை வைத்திருப்பவன் கிட்டத்தில் வந்தாக வேண்டும். என் பயம் அந்த இடத்தில் இருக்கிறது.

11. சோதனை அறிக்கையின் நகல் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. காலைச் சோளக்கூழ் ஆறிக்கொண்டிருக்க, நான்கு தடவை படித்தேன். டெல்பர்ட் ஒழுங்கான பிள்ளை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். மெத்தைக்கு அடியில் பார்த்திருக்கிறார். கருவிப் பெட்டியைக் கவிழ்த்திருக்கிறார். மாட்டுத்தீவன மூட்டைக்குள் கைவிட்டிருக்கிறார். தம் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை எங்கெங்கே ஒளிக்க முடியுமோ அங்கெல்லாம் அவர் தேடியிருக்கிறார். சாவிக்கொத்தைத் தேட வேண்டிய இடங்களில் தேடவில்லை. பாதகமில்லை.

பக்கம் இரண்டு, பிக்கப் வண்டி என்ற தலைப்பு, ஆறாம் வரி. தயவுசெய்து கோப்பை எடுத்துப் பார்க்கவும். அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: "முன்பலகையின் மேல்: சாலை வரைபடம் ஒன்று. புகையிலை டப்பா ஒன்று, திறந்து பார்த்தேன், புகையிலை. மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, பழுப்பு நிறம்."

புகையிலை டப்பாவைத் திறந்திருக்கிறார். கூட்டைத் திறக்கவில்லை. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியில் விரல் ரேகை படக் கூடாது என்று, அதையும் அவர் அம்மா சொல்லிக் கொடுத்திருப்பார்.

நான் வாக்களித்தபடி ஒளிவிடத்தைச் சொல்கிறேன். இருபது ஜூலை நான்காம் தேதிகளில் நான் மூக்குக்கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, அதன் கூட்டை விருந்து மேசையின் நடுவில், எல்லோர் கண்ணெதிரிலும், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டார்கள். கிழவனின் கண்ணாடிக் கூட்டை யாரும் திறப்பதில்லை. சிள்வண்டு அதில் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். இன்று முதல் மூவர்.

ராய்ஸ் கிம்பிரல் பிறந்ததிலிருந்து இன்றுவரை மூக்குக்கண்ணாடி போட்டதில்லை.

12. ஆகவே, கீழ்க்கண்டவற்றைப் பணிவோடு கோருகிறேன்.

(அ) அந்தக் கூட்டைத் திறக்க நீதிபதியிடம் சோதனை ஆணை வாங்கித் திறக்க வேண்டும். இந்த முறை சம்மதம் கேட்க வேண்டாம். சம்மதம் கேட்டால் காப்பி வரும், கூடு போய்விடும்.

(ஆ) இன்று வியாழன். நாளை வெள்ளி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி எங்கே நிற்கும் என்பது மேலே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு முடித்தால் நல்லது.

(இ) டெல்பர்ட் அவர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம். அவரையே அனுப்பவும். கிடைத்ததும் சிள்வண்டை உள்ளங்கையில் வைத்து விரலை மூடி, ஒரு நிமிடம் தம் கையைத் தாமே பார்க்கச் சொல்லவும். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்குப் பாடம் தேவையில்லை.

(ஈ) திங்கள், புதன், வெள்ளிகளில் மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் நிற்பதைப் பற்றி, கையசைப்பது குற்றம் இல்லை என்ற பதிலைத் தவிர வேறு பதில் வேண்டும். துப்பாக்கி கிடைத்தாலும் இது வேண்டும். துப்பாக்கியை மட்டும் வாங்கித் தந்துவிட்டு, இனி உன் பாடு என்று அவளை விட்டுவிடக் கூடாது. பையில் எதுவும் இல்லாமலே அவள் நேராக நடக்கும்படி செய்து கொடுத்தால், இருபது வருடமாக நான் பேசியதையெல்லாம் தவறு என்று கடைத்தெருவில் நின்று சொல்லத் தயார்.

பெஞ்சுக்கு மறுபடி வர என்னை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நிறுத்துகிறேன். டோக்கன் இன்னும் டார்லாவிடம்தான் இருக்கிறது, இத்துடன் அனுப்பவில்லை. அழைத்தால் அவளே கொண்டுவருவாள். இந்த முறை டோக்கனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுக்கவும்.

இடம்: டன்னிங்வெல்
நாள்: 19.9.2019

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் பேருந்து ஓட்டுநர்,
ஹோரஸ் பிளெட்சோ

இணைப்பு:
1. சோதனை அறிக்கை நகல், ஆறாம் வரி அடிக்கோடிட்டது.
2. என் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, காலியானது. இதைத் திறந்து பழகிக்கொள்ளவும்.